உங்கள் ரெஸ்யூமை நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன், அதற்குத் தகுந்தாற்போல் எழுதுங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுப்பது என் வேலை இல்லை. ஆனால் எங்கள் அளவிலான கம்பெனிகளில் எச்ஆர் என்பது ஒரே ஒருவர்தான், அவரும் பிஎஃப், இஎஸ்ஐ, கேன்டீன், பஸ் என்று ஓடிக்கொண்டிருப்பார். என் பிரிவுக்கு ஆள் வேண்டுமென்றால் வந்த ரெஸ்யூம் எல்லாவற்றையும் மொத்தமாக என் மெயிலுக்குத் தள்ளிவிட்டு, "பார்த்து நாலு பேரைச் சொல்லுங்க சார்" என்று போய்விடுவார். மே, ஜூன் மாதங்களில் ஒரு இடத்துக்கு நூற்றுக்கு மேல் வரும். மதியச் சாப்பாடு முடிந்து ஷாப் ஃப்ளோருக்குத் திரும்புவதற்குள் இருக்கிற இருபது நிமிடத்தில் முடிந்தவரை பார்ப்பேன். முதல் சுற்றில் ஒன்றுக்கு அரை நிமிடம் கொடுத்தாலே அதிகம். நாலு வருடப் படிப்புக்கு அரை நிமிடமா என்று கேட்டால் எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலவரம் அதுதான்.

அந்த அரை நிமிடத்தில் என் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: என்னிடம் இருக்கிற இந்த வேலையை இந்த ஆள் செய்வாரா, செய்வார் என்பதற்கு இந்தத் தாளில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா? உங்கள் கனவு, அப்பா பெயர், பொழுதுபோக்கு எதுவும் அந்த நேரத்தில் என் கண்ணில் படாது.

நானும் ஒரு காலத்தில் தப்பாகத்தான் எழுதினேன், அதாவது எழுதவே இல்லை. டிப்ளமோ முடித்ததும் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த அண்ணன் ஏற்கெனவே யாருக்கோ அடித்து வைத்திருந்த ஃபைலைத் திறந்து, பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். முதல் இன்டர்வியூவில் எதிரே இருந்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஷட்டில் ஆடுவீங்களா? எந்த கிளப்?" என்றார். நான் வாழ்க்கையில் ஷட்டில் பேட்டைத் தொட்டதில்லை. முந்தைய ஆளின் ஹாபி என் தாளில் அப்படியே இருந்திருக்கிறது. வேலை கிடைக்கவில்லை. இன்று எனக்கு வருகிற ரெஸ்யூம்களிலும் பாதி அதே மாதிரிதான், பிரவுசிங் சென்டர் அண்ணனுக்குப் பதிலாக டெம்ப்ளேட் தளம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள்

ரெஸ்யூம் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் வேலை விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்தோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ வைத்துக்கொண்டு, அதில் கேட்டிருக்கிற விஷயங்களை ஒவ்வொன்றாக அடிக்கோடு போடுங்கள். "குவாலிட்டி இன்ஸ்பெக்டர், டிப்ளமோ மெக்கானிக்கல், டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும், வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், ஷிஃப்ட் வேலை" என்று நாங்கள் போட்டால், அது ஏதோ சம்பிரதாயத்துக்குப் போட்டதில்லை, போன தடவை எடுத்த ஆளுக்கு டிராயிங் படிக்கத் தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டில் பிறந்த வரி. அடிக்கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் நேராக உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதிக்கு மேல் பதில் இருந்தால் விண்ணப்பியுங்கள். எல்லாமே இருந்தால்தான் அனுப்புவேன் என்று உட்கார வேண்டாம், விளம்பரம் எழுதுகிற நாங்களும் கொஞ்சம் கூட்டித்தான் கேட்போம்.

இன்னொன்று, ஒரு பெரிய ஃபைல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படித்தது, பார்த்த வேலை, ப்ராஜெக்ட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையாண்ட மெஷின், சாஃப்ட்வேர், சர்டிபிகேட் நம்பர் என்று எல்லாம் அதில் கிடக்கட்டும், ஐந்து பக்கம் போனாலும் பரவாயில்லை. அது உங்களுக்கு மட்டும். ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து தேவையானதை எடுத்து ஒரு பக்கம் செய்து அனுப்புங்கள். பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம் வரை போகலாம். ஃப்ரெஷர் ஒருவர் மூன்று பக்கம் அனுப்பினால், அதில் இரண்டரைப் பக்கம் காற்று என்று திறக்கும்போதே தெரிந்துவிடும்.

மேல் பாதியில் என்ன இருக்க வேண்டும்

பெயர், போன் நம்பர், மெயில், ஊர். ஊர் என்றால் பீளமேடு, கோயம்புத்தூர் என்கிற அளவுக்குப் போதும், கதவு எண்ணும் தெருப் பெயரும் வேண்டாம். மெயில் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விஜய் பெயரையோ அஜித் பெயரையோ சேர்த்து ஆரம்பித்த முகவரியை அங்கே வைக்காதீர்கள். நானும் ரசிகன்தான், ஆனாலும் சிரித்துவிடுவேன்.

அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனதா இல்லையா, ரத்த வகை, எதுவும் வேண்டாம். வேலைக்குச் சேரும்போது ஃபாரத்தில் கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் ரெஸ்யூமில் போடவே போடாதீர்கள், அந்த ஃபைல் எத்தனை கன்சல்டன்சி, எத்தனை வாட்ஸ்அப் குரூப் தாண்டிப் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போட்டோ கேட்டால் வையுங்கள், கேட்காவிட்டால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி எழுதலாம்.

அப்புறம் அந்த அப்ஜெக்டிவ். "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்" என்று தொடங்கி "குரோத் ஆஃப் தி ஆர்கனைசேஷன்" என்று முடிகிற வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதைத் தூக்கிவிட்டு இரண்டே வரியில் நீங்கள் யார் என்று எழுதுங்கள். ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், இங்கே பொருளை மட்டும் தமிழில் சொல்கிறேன்: "டிப்ளமோ மெக்கானிக்கல், 2024. வார்ப்பு உதிரிபாகங்களை அளந்து சோதிப்பதில் ஒரு வருட அப்ரண்டிஸ் அனுபவம். டிராயிங் படிப்பேன், ஷிஃப்டுக்குத் தயார்." இதைப் படித்த உடனே என் கை அடுத்த ரெஸ்யூமுக்குப் போகாது.

ரெஸ்யூமின் அடியில் "மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்" என்று டிக்ளரேஷன், இடம், தேதி, கையெழுத்து. அரசு விண்ணப்பப் படிவங்களைப் பார்த்துப் பழகி நம்மூர் ரெஸ்யூமில் ஒட்டிக்கொண்ட வால் அது என்பது என் ஊகம். இருந்தால் யாரும் உங்களை ஒதுக்கப்போவதில்லை, இல்லாவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை. இடம் பற்றவில்லையென்றால் முதலில் இதை வெட்டுங்கள்.

வேலையைப் பற்றி எழுதும் வரிகள்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

பெரும்பாலானவர்கள் தங்கள் பதவியின் பெயரை எழுதுகிறார்கள், செய்த வேலையை எழுதுவதில்லை. "குவாலிட்டி இன்ஸ்பெக்டராகப் பணிபுரிந்தேன், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பொறுப்பு" என்றால் எனக்கு எதுவும் புரியாது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்காமல் சமையலா பார்ப்பார்? என்ன பொருள், எதை வைத்து அளந்தீர்கள், ஒரு ஷிஃப்டில் எத்தனை, தப்பு கண்டுபிடித்தால் என்ன செய்தீர்கள், நீங்கள் வந்த பிறகு ஏதாவது மாறியதா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக வரி அமைய வேண்டும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். "சப்மெர்சிபிள் பம்ப் இம்பெல்லர், பம்ப் பாடி வார்ப்புகளை டிராயிங்படி அளந்தேன், ஷிஃப்டுக்கு 100 முதல் 120 பீஸ், வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், பிளக் கேஜ்." அடுத்த வரி: "போர் (உள்துளை) அளவில் திரும்பத் திரும்ப வந்த ரிஜெக்‌ஷனைத் தேதிவாரியாகக் குறித்து, டூல் தேய்மானம்தான் காரணம் என்று சூப்பர்வைசரிடம் காட்டினேன், டூல் மாற்றும் இடைவெளியைக் குறைத்தார்கள்." பாருங்கள், இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை, சதவிகிதக் கணக்குகூட இல்லை. ஆனால் இந்த ஆள் அளந்து ஓரமாக வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை, ஏன் என்று யோசிக்கிறார் என்று தெரிகிறது. உடனே போன் போடுவேன்.

எண்கள் உதவும், ஆனால் உண்மையான எண்கள். "ரிஜெக்‌ஷனை 40 சதவிகிதம் குறைத்தேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேட்டேன், மாதம் எத்தனை பீஸ் ஓடியது என்று கேட்டேன், இரண்டுக்கும் பதில் இல்லை. இணையத்தில் யாரோ "எண் போடுங்கள்" என்று சொன்னதைக் கேட்டுப் போட்டிருக்கிறார். சதவிகிதம் தெரியாவிட்டால் தெரிந்த எண்ணைப் போடுங்கள்: எத்தனை பீஸ், எத்தனை மெஷின், எத்தனை பேர், எத்தனை மாதம். இவை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இது எங்கள் துறைக்கு மட்டும் இல்லை. என் தங்கை பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் இருந்தாள், வேறு வேலை தேடும்போது ரெஸ்யூமை என்னிடம் காட்டினாள். "அக்கவுன்ட்ஸ், டேலி, ஜிஎஸ்டி தெரியும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். என்னம்மா செய்தாய் என்று உட்காரவைத்துக் கேட்டால் ஒவ்வொன்றாக வருகிறது: டேலி பிரைமில் 14 பார்ட்டிகளுக்கு என்ட்ரி போட்டிருக்கிறாள், மாதம் தவறாமல் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்யத் தயார் செய்திருக்கிறாள், ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலோடு பர்ச்சேஸ் பில்லை ஒப்பிட்டு வராத கிரெடிட்டுக்காகப் பார்ட்டிகளுக்குப் போன் போட்டுத் துரத்தியிருக்கிறாள், இ-வே பில் போட்டிருக்கிறாள், டிடிஎஸ் சலான் கட்டியிருக்கிறாள். "இதெல்லாம் எல்லாரும் செய்யுறதுதானே அண்ணா, இதை எப்படி எழுதுறது" என்றாள். எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் எழுதுவதில்லை. ஆள் தேடுகிற முதலாளிக்கு வேண்டியது அந்தத் துரத்துகிற ஆள்தான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் செய்த வேலையில் தொடங்குங்கள்: இன்ஸ்பெக்டட், பிரிப்பேர்டு, டிரெயின்டு, ரிப்பேர்டு, இப்படி. "ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று தொடங்கினால் பொறுப்பு உங்களிடம் இருந்தது என்று மட்டும்தான் தெரியும், நீங்கள் அதைச் செய்தீர்களா என்று தெரியாது. இப்போதும் அந்த வேலையில் இருந்தால் நிகழ்காலம், விட்டு வந்துவிட்டால் இறந்தகாலம், இரண்டையும் கலக்காதீர்கள். கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வரட்டும்.

அனுபவமே இல்லையே என்பவர்களுக்கு

இருக்கிறது. நீங்கள் அதை அனுபவம் என்று எண்ணுவதில்லை. இரண்டு வருடம் முன்பு திருப்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இன்டர்வியூவுக்கு வந்தான். ரெஸ்யூமில் மார்க், ப்ராஜெக்ட், "ஹார்டு ஒர்க்கர், டீம் பிளேயர்" தவிர ஒன்றும் இல்லை. வேறு ஆள் கிடைக்காமல்தான் கூப்பிட்டிருந்தேன். பேச்சுவாக்கில் லீவில் என்னப்பா செய்வே என்று கேட்டபோது, தயங்கித் தயங்கி, பனியன் கம்பெனியில் செக்கிங் போவேன் சார் என்றான். துணியில் ஓட்டை, கறை, நூல் அறுந்தது எல்லாவற்றுக்கும் பாயின்ட் போட்டுக் கணக்கு எடுப்பதை, அந்த 4 பாயின்ட் சிஸ்டத்தை, பத்து நிமிடம் நிறுத்தாமல் விளக்கினான். எந்தத் தப்பு சின்னது, எந்தத் தப்பு பெரியது, எங்கே லாட்டைத் திருப்பி அனுப்புவது என்று அவனுக்கு அத்துப்படி. குவாலிட்டி வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதவில்லையே ஏன் என்றால், "கூலி வேலைதானே சார், எழுதினா கேவலமா நினைப்பாங்கன்னு" என்றான். அவன் இப்போது என் பிரிவில்தான் இருக்கிறான். ஆனால் அந்த ரெஸ்யூமை வைத்து மட்டும் பார்த்திருந்தால் அவனை நான் விட்டிருப்பேன்.

அதனால் அப்பாவின் மளிகைக் கடையில் ஸ்டாக் பார்த்தது, கேட்டரிங்கில் ஆட்களைப் பிரித்து அனுப்பியது, டெலிவரி ஓட்டியது, மெக்கானிக் ஷாப்பில் லீவு முழுக்க நின்றது, எல்லாம் எழுதலாம். எங்கே, எத்தனை மாதம், என்ன செய்தேன், அவ்வளவு போதும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நாலு பேர் சேர்ந்த டீம், தலைப்பு இரண்டு வரி நீளம், கீழே சுருக்கம் பத்து வரி. அந்தச் சுருக்கம் புத்தகத்திலிருந்து வந்தது என்று படித்தாலே தெரியும். எனக்கு வேண்டியது அந்த நாலு பேரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். "ஃபிரேமை நான்தான் வெல்டிங் செய்தேன், முதல் தடவை வளைந்துவிட்டது, மறுபடி கிளாம்ப் போட்டுச் செய்தேன்" என்று இருந்தால் போதும், தலைப்பு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் சரி. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால், அதுவும் ஊரறிந்த ரகசியம்தான், அதற்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் லேபில் நீங்களே கடைந்த ஒரு சின்ன வேலையையோ, ஆட்டோகேடில் நீங்களே வரைந்த பத்து டிராயிங்கையோ எழுதுங்கள். அதில் கேள்வி கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியும்.

அப்ரண்டிஸாக இருந்திருந்தால் அப்ரண்டிஸ் என்றே எழுதுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒரு வருடம் முடித்த டிப்ளமோ, டிகிரி மாணவர்களுக்குத் தரமணியில் இருக்கிற தென்மண்டலப் பயிற்சி வாரியம் சான்றிதழ் தருகிறது. மதிப்புள்ள காகிதம் அது. சிலர் அதை மறைத்து "ஜூனியர் இன்ஜினியர்" என்று போட்டுக்கொள்கிறார்கள். சான்றிதழைக் கேட்கும்போது குட்டு உடையும், அதோடு மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வரும்.

ஸ்கில்ஸ் என்ற பெட்டி

இதில் ஹானஸ்ட், பங்க்சுவல், குயிக் லேர்னர் எல்லாம் வேண்டாம். நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். மெஷின், கருவி, சாஃப்ட்வேர், பேசும் மொழிகள், இவை மட்டும். விளம்பரத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல்லைப் போடுங்கள், அதில் ஒரு காரணம் இருக்கிறது. நௌக்ரி மாதிரி தளங்களில் ஆள் தேடுகிறவர்கள் ரெஸ்யூமைப் புரட்டிப் பார்ப்பதில்லை, தேடல் பெட்டியில் "சிஎம்எம்" என்றோ "டேலி பிரைம்" என்றோ அடித்து வருகிறவர்களைப் பார்க்கிறார்கள். அந்தச் சொல் உங்களிடம் இல்லையென்றால் பத்து வருட அனுபவம் இருந்தும் நீங்கள் அவர் கண்ணுக்கு இல்லை. சுருக்கமாகவும் விரித்தும் ஒரு தடவை எழுதிவிடுங்கள், அவர் எதை அடித்துத் தேடுவார் என்று சொல்ல முடியாது. அண்மையில் உள்ளே வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு உண்டு, அதனால் வேலை தேடும் காலத்தில் வாரம் ஓரிரு முறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திவிட்டு வாருங்கள்.

தெரியாததை எழுதாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு "சாலிட்வொர்க்ஸ்" என்று போட்டவரை எங்கள் டிசைன் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். அந்தப் பத்து நிமிடம் எங்கள் மூன்று பேருக்குமே சங்கடம்.

அரியர், இடைவெளி, பழைய கம்பெனி

பத்தாவது, பன்னிரண்டாவது, டிப்ளமோ, டிகிரி: ஆண்டு, கல்லூரி, மதிப்பெண். ஃப்ரெஷர் என்றால் எல்லாம் எழுதுங்கள், ஐந்து வருட அனுபவம் வந்துவிட்டால் கடைசிப் படிப்பு மட்டும் போதும். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, சிஜிபிஏ என்றால் சிஜிபிஏ. அரியர் பாக்கி இருந்தால் எத்தனை பேப்பர், எப்போது எழுதப் போகிறேன் என்று ஒரு வரி போடுங்கள். மறைத்துவிட்டு ஆஃபர் லெட்டர் கொடுக்கும் நாளில் சொல்கிறார்கள், அன்றைக்கு எங்களுக்கும் வேறு வழி இருப்பதில்லை.

இடைவெளிக்கும் அதேதான். குழந்தை பிறந்து நாலு வருடம் வீட்டில் இருந்தேன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டேன், டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன் கிடைக்கவில்லை. நம் ஊரில் இவை நடக்காத வீடு எது? "2019 முதல் 2023 வரை: குடும்பப் பொறுப்பு" என்று ஒரே வரி போட்டுவிட்டு, அதன் கீழே மறுபடி வேலைக்குத் தயாரானதற்கு ஏதாவது ஒன்று, ஒரு கோர்ஸ், ஒரு பகுதி நேர வேலை, இருந்தால் போடுங்கள். காலியாக விட்டால்தான் நான் கண்டபடி கற்பனை செய்துகொள்வேன். மன்னிப்புக் கேட்கிற தொனியில் மட்டும் எழுத வேண்டாம்.

சேர்ந்த தேதி, விலகிய தேதியில் விளையாடாதீர்கள். மூன்று மாதத்தில் விட்ட கம்பெனியை மறைத்து, முந்தைய கம்பெனித் தேதியை நீட்டிப் போடுவது ரொம்ப நாள் பழக்கம். முன்பு அது செல்லுபடியானது. 2014-ல் யுஏஎன், அதாவது ஆளுக்கு ஒரே பிஎஃப் எண், வந்த பிறகு, பிஎஃப் பிடித்த எல்லாக் கம்பெனியும் ஒரே எண்ணின் கீழ் தேதியோடு வரிசையாக நிற்கிறது. வெரிஃபிகேஷன் செய்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். மூன்று மாதத்தில் விட்டதற்கு ஒரு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வோம், நானும் இளவயதில் ஒரு இடத்தில் 40 நாளில் ஓடி வந்தவன்தான்.

தற்போதைய சம்பளமும் நோட்டீஸ் பீரியடும் விளம்பரத்தில் கேட்டால் மெயிலில் எழுதுங்கள், ரெஸ்யூமுக்குள் சம்பளம் வேண்டாம்.

அனுப்பும் விதம்

ஏ4 அளவு, சாதாரண எழுத்துரு, 11 புள்ளி, ஒரே நெடுவரிசையாக மேலிருந்து கீழே. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, பக்கத்தில் நீலப்பட்டை, ஸ்கில்ஸுக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு என்று வரும் டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகுதான், ஆனால் தளங்களில் ஏற்றும்போது எழுத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அதில் குழம்பி, உங்கள் கல்லூரிப் பெயரைக் கம்பெனிப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எனக்கு நாலு நட்சத்திரம் என்றால் அந்த ஐந்தாவது என்னவென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிடிஎஃப் ஆக மாற்றி, அதில் ஒரு வரியை மவுஸால் இழுத்துக் காப்பி எடுத்துப் பாருங்கள். எழுத்தாக வந்தால் நல்லது, வராவிட்டால் அது வெறும் படம்.

ஃபைல் பெயர் உங்கள் பெயரும் வேலையின் பெயரும். "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3" என்று என் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. மெயிலில் சப்ஜெக்ட் எழுதுங்கள், உள்ளே நாலு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, உங்களிடம் இருக்கிற முக்கியமான ஒன்று, எப்போது சேர முடியும், போன் நம்பர். வெறும் ஃபைலை மட்டும் ஒட்டி அனுப்புவது வீட்டுக்குள் வந்து ஒன்றும் பேசாமல் நிற்பது மாதிரி இருக்கிறது. குறிச்சி, கணபதிப் பக்கத்துச் சின்னச் சின்ன ஒர்க் ஷாப்களில் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள், அங்கேயும் பிடிஎஃப் அனுப்புங்கள், தாளைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். அதிலும் பின்னால் மின்விசிறி நிழல் விழுந்த போட்டோ.

வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்களுக்குச் சில விதிகள் மாறும். அங்கே போட்டோ, குடியுரிமை, விசா நிலை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் எதிர்பார்ப்பார்கள். பாஸ்போர்ட் நகலை மட்டும், ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகு கொடுங்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா என்றால் நேர் எதிர், போட்டோ, வயது, திருமணம் எதுவும் கூடாது.

ஏஐ எழுதிக் கொடுக்கட்டுமா?

இப்போதெல்லாம் ஒரே நாளில் பத்து ரெஸ்யூம் ஒரே குரலில் பேசுகின்றன. எல்லாரும் "ரிசல்ட்ஸ் டிரிவன்", எல்லாரும் எதையோ "ஸ்பியர்ஹெட்" செய்திருக்கிறார்கள். போன வருடம் டிப்ளமோ முடித்த பையன் எதைத் தலைமை தாங்கினான் என்று கேட்டால் முழிக்கிறான். உங்கள் ஆங்கிலத்தைத் திருத்தக் கொடுங்கள், அதற்கு அது நன்றாக உதவும். ஆனால் முதலில் நீங்கள் தமிழிலேயே, அம்மாவிடம் சொல்வது மாதிரி, இன்றைக்கு வேலையில் என்ன செய்தேன் என்று எழுதுங்கள். பிறகு அதை ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததில் உங்களால் வாய்விட்டு விளக்க முடியாத சொல் ஒன்று இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் படித்த நண்பர் ஒருவரிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், நம் கண்ணுக்கு நம் பிழை தெரியாது. அப்புறம் ஒரு கடைசி வேலை. தாளில் அச்சாகியிருக்கிற உங்கள் போன் நம்பரை, பார்த்துப் பார்த்து, வேறொரு போனிலிருந்து அடித்து அழைத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். போன ஜூனில் நல்ல ரெஸ்யூம் ஒன்று, மூன்று தடவை படித்துவிட்டு நானே அழைத்தேன். பொள்ளாச்சியில் ஒரு மளிகைக் கடைக்காரர் எடுத்தார். ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. "அந்தத் தம்பி இன்னும் நம்பரை மாத்தலீங்களா," என்றார், "இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு."